பாலக்காரர் பதில்கள்: ஹூக்ளியின் கம்பிப் பாலம்

போன இதழின் அட்டையில் கொல்கத்தாவின் வித்யாசாகர் சேது படத்தைப் போட்டார்கள். எனக்கு வந்த கடிதக் கட்டில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருக்கிறது. மற்றக் கேள்விகள் காத்திருக்கட்டும். இந்த இதழ் முழுக்க ஹூக்ளி ஆற்றுக்கே.

*கேள்வி: சென்னையிலிருந்து 16-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் கொல்கத்தாவுக்கு லோடு ஏற்றிப் போகிறவன் நான். அங்கே ஹௌரா பாலம் முழுக்க இரும்பாக நிற்கிறது. கொஞ்சம் தெற்கே இந்தப் பாலம் வெறும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரே ஆறு, ஒரே ஊர், ஏன் இரண்டு விதம்? லோடு வண்டியோடு கம்பிப் பாலத்தில் ஏறினால் மனசுக்குள் ஒரு நடுக்கம் வருகிறது, சும்மா சொல்லக்கூடாது.*
*— லாரி ஓட்டுநர், சங்ககிரி*

நடுக்கத்தை முதலில் தீர்த்துவிடலாம். அந்தப் பாலத்தின் மேல்தளம் கான்கிரீட். கனம் ஏறக்குறைய 23 சென்டிமீட்டர், அகலம் 35 மீட்டர். ஒரு கன மீட்டர் கான்கிரீட் இரண்டரை டன் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். பாலத்தின் நீளவாக்கில் ஒவ்வொரு மீட்டருக்கும் கான்கிரீட் மட்டுமே சுமார் 20 டன் வருகிறது. அடியில் இருக்கும் இரும்புச் சட்டங்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. உங்கள் வண்டி லோடோடு நாற்பது டன் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அந்தத் தளத்தில் இரண்டே இரண்டு மீட்டர் நீளத்தின் எடைதான் நீங்கள். இரவு பகலாகத் தன்னையே தூக்கிக்கொண்டு நிற்கிற பாலத்துக்கு உங்கள் லாரி ஒரு பொருட்டில்லை. நிம்மதியாக ஏறுங்கள், வேகத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பாலத்துக்கும் பொதுவாக ஒரு விஷயம் இருக்கிறது. ஹௌரா பாலத்தின் நடுக்கண், அதாவது இரண்டு பெரிய கோபுரங்களுக்கு இடையிலுள்ள தூரம், 1,500 அடி. வித்யாசாகர் சேதுவின் நடுக்கண் 457.2 மீட்டர். அடியாக மாற்றினால் அதுவும் அதே 1,500. முதல் பாலம் 1943 பிப்ரவரியில் திறந்தது, இரண்டாவது 1992 அக்டோபர் 10-இல். நடுவில் ஐம்பது வருஷம் ஓடியும் ஆற்றின் நடுவே தூண் வைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

காரணம் கப்பல். கங்கையின் கிளையான ஹூக்ளி வண்டல் ஆறு. நடுவில் தூண் நட்டால் நீரோட்டம் தடைப்பட்டு, தூணைச் சுற்றி ஓரிடத்தில் அரிக்கும், இன்னோரிடத்தில் மேடு தட்டும். துறைமுகத்தை வைத்துப் பிழைக்கிற ஊருக்கு அது கட்டுப்படியாகாது. போதாததற்குக் கடலிலிருந்து அலைநீர் ஏறி வரும். சில நாட்களில் அது சுவர் போல எழும்பி கொல்கத்தாவரை ஓடி வரும். உள்ளூர்க்காரர்கள் 'பான்' என்பார்கள், படகுக்காரர்கள் கரையை விட்டுத் தள்ளிப் போய் நிற்பார்கள். 1874-இல் ஹௌராவில் கட்டியது மிதவைப் பாலம். கப்பல் வந்தால் நடுவில் திறந்து வழிவிட வேண்டும், அதுவரை மாட்டுவண்டியெல்லாம் கரையில் காத்துக் கிடக்கும். அந்தத் தொல்லையைப் பார்த்தவர்கள் தூண் இல்லாத பாலம்தான் வேண்டும் என்று கேட்டதில் ஆச்சரியமில்லை.

1,500 அடியைத் தூண் இல்லாமல் தாண்ட, ஹௌராவில் இரண்டு கரையிலிருந்தும் இரும்புக் கைகளை நீட்டி, நடுவில் ஒரு துண்டை அந்தக் கைகளில் தொங்கவிட்டார்கள். அதற்கு ஏறக்குறைய 26,500 டன் எஃகு தேவைப்பட்டது, அதில் 23,000 டன் டாட்டாவிலிருந்து வந்தது. இரண்டாவது பாலம் வரும் காலத்தில் உலகத்தில் வேறு வழி கிடைத்துவிட்டது. அந்த வழி என்ன என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

*கேள்வி: ரிஷிகேஷ் லட்சுமண் ஜூலாவும் கம்பியில்தான் தொங்குகிறது. அதே கங்கைதான். வித்யாசாகர் சேதுவையும் தொங்கு பாலம் என்று சொன்னதற்கு எங்கள் பேராசிரியர் கோபித்துக்கொண்டார். அப்படி என்ன வித்தியாசம்?*
*— சிவில் மாணவி, கோவை*

உங்கள் பேராசிரியர் கோபித்துக்கொண்டது சரிதான், அம்மா. ஆனால் காரணத்தையும் அவரே சொல்லியிருக்கலாம்.

லட்சுமண் ஜூலாவில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு இரண்டு பெரிய வடங்கள் கோபுரத்தின் தலைமேல் ஏறி, நடுவில் தொய்ந்து போகின்றன. அந்த வடங்களிலிருந்து சின்னச் சின்னக் கம்பிகள் நேராக இறங்கி நடைபாதையைத் தாங்குகின்றன. முழு இழுவையும் கடைசியில் வடத்தின் இரு முனைக்குப் போகும். அந்த முனைகளைக் கரையில் அசையாமல் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். ரிஷிகேஷில் மலை இருக்கிறது, கவலையில்லை. கொல்கத்தாவில் என்ன இருக்கிறது? எவ்வளவு தோண்டினாலும் களிமண்ணும் மணலும்தான். அந்த இழுவையைத் தாங்க ஒரு பிரம்மாண்டமான கான்கிரீட் பாறையை நாமே செய்து சேற்றில் புதைக்க வேண்டியிருக்கும். அதுவும் நகரலாம்.

வித்யாசாகர் சேது கேபிள் பாலம். அதில் நடுவே தொய்யும் வடமே கிடையாது. கோபுர உச்சியிலிருந்து ஒவ்வொரு கேபிளும் விசிறி போல விரிந்து நேராகத் தளத்துக்கே வந்து முடிகிறது. சாய்வாக வருவதால் தளத்தை மேலே தூக்குவதோடு கோபுரத்தை நோக்கிப் பக்கவாட்டிலும் இழுக்கும். இடது பக்கக் கேபிளும் வலது பக்கக் கேபிளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பதால், அந்தப் பக்கவாட்டு இழுவை தளத்துக்குள்ளேயே அமுக்கமாக மாறி அங்கேயே தீர்ந்துபோகிறது. கரையில் மலையும் வேண்டாம், பாறையும் வேண்டாம். எடை கோபுரம் வழியே செங்குத்தாகக் கீழே இறங்கும். வண்டல் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியாது.

இந்த யோசனை வளர்ந்த இடம் ஜெர்மனி. இரண்டாம் உலகப் போரில் ரைன் ஆற்றுப் பாலங்கள் பெரும்பாலும் நாசமாகிவிட்டன. பாலம் உடனே வேண்டும், எஃகுக்கோ பஞ்சம். கொஞ்ச இரும்பில் நீளமாகத் தாண்டுவது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டதில் பிறந்தது இது. ஸ்வீடனில் ஸ்ட்ரோம்சுண்ட் பாலம் 1950-களின் நடுவில் வந்தது, கண் 183 மீட்டர்தான். 1957-இல் ரைன் மேல் டூசல்டார்ஃபில் 260 மீட்டர். இன்றைக்குச் சீனாவில் யாங்சி ஆற்றின் மேல் சூடோங் பாலம் 1,088 மீட்டர் தாண்டுகிறது, 2008-இல் திறந்தது.

*கேள்வி: 1972-இல் அடிக்கல், 1992-இல் திறப்பு. இருபது வருஷம்! அதுவும் ஜெர்மன்காரர் வடிவமைத்த நவீனப் பாலத்தில் வெல்டிங் இல்லாமல் ரிவிட் அடித்திருப்பதாகப் படித்தேன். இது என்ன கூத்து?*
*— ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை*

கூத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. மறுபாதியை நான் பாராட்டுவேன்.

ஹூக்ளி ஆற்றுப் பால ஆணையத்தை 1969-இல் அமைத்தார்கள். 1972 மே 20-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். வேலை தொடங்கியதோ 1979 ஜூலை 3. ஏழு வருஷம் அந்தக் கல் மட்டும் வெயிலில் கிடந்தது. இந்த தாமதத்தால் போனது பணம் மட்டும் இல்லை. எழுபதுகளில் பிரான்சில் திறந்த செயின்ட் நசேர் பாலத்தின் கண் 404 மீட்டர், அன்றைக்கு அதுதான் உலகத்திலேயே பெரியது. நம்முடையது 457. எண்பதுகளின் தொடக்கத்தில் முடித்திருந்தால் உலகத்தின் மிக நீளமான கேபிள் பாலம் கொல்கத்தாவில் இருந்திருக்கும். 1986-இல் கனடாவில் ஃப்ரேசர் ஆற்றின் மேல் 465 மீட்டரில் அலெக்ஸ் ஃப்ரேசர் பாலத்தைத் திறந்துவிட்டார்கள். எட்டே மீட்டர் வித்தியாசம். கூடவே இன்னொன்றும் போனது. எஃகுச் சட்டத்தின் மேல் கான்கிரீட் தளத்தைப் பொருத்தி இரண்டையும் சேர்த்து வேலை வாங்குவது என்ற யோசனையைப் பெரிய கேபிள் பாலத்துக்கு முதலில் காகிதத்தில் வரைந்தது ஹூக்ளிக்காக. முடித்துக் காட்டிய பெயர் கனடாவுக்கு.

இப்போது ரிவிட் கதை. வடிவமைப்பின் மூளை ஸ்டுட்கார்ட் நகரத்துப் பொறியாளர் யோர்க் ஷ்லாய்ஷ், 1934-இல் பிறந்து 2021-இல் காலமானவர். மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் கூடாரக் கூரைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர். ஜெர்மனியில் அந்தக் காலத்துக் கேபிள் பாலங்களின் தளம் முழுக்க எஃகுத் தகடு. தகட்டுக்கு அடியில் நெருக்கமாக விலா எலும்புகள், எல்லாமே வெல்டிங். அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கியிருக்கலாம், நிறைய வெளிநாட்டு ஆலோசகர்கள் அதைத்தான் செய்வார்கள். இவர் கொல்கத்தாவில் என்ன கிடைக்கிறது, யாருக்கு என்ன கைவரும் என்று பார்த்தார். ஆற்றின் மேல் அந்தரத்தில் நின்று நம்பகமான வெல்டிங் செய்வதும், அதைச் சோதித்துச் சான்று தருவதும் அன்றைக்கு இங்கே நிச்சயமில்லை. ரிவிட் அடிப்பதில் அந்த ஊரை மிஞ்ச ஆளில்லை. ஹௌரா பாலம் முழுக்கவே நட்டும் போல்ட்டும் இல்லாமல் ரிவிட்டில் நிற்பது. அதைக் கட்டிய பிரெய்த்வெயிட், பர்ன், ஜெஸ்ஸப் பட்டறைகளின் பரம்பரை அங்கே உயிரோடு இருந்தது.

அதனால் எஃகுச் சட்டங்களை ரிவிட்டில் கோத்தார்கள், கோபுரங்களும் அப்படியே. மேலே தகட்டுக்குப் பதில் கான்கிரீட். கேபிள்கள் தளத்தைப் பக்கவாட்டில் அமுக்கும் என்று கோவை மாணவிக்குச் சொன்னேன் இல்லையா? கான்கிரீட்டுக்கு இழுத்தால் ஆகாது, அமுக்கினால் கொண்டாட்டம். விலை குறைவு, உள்ளூர் ஆளே போடலாம், கட்டமைப்புக்கும் அதுதான் பிடித்தது. சிக்கனத்துக்காக எடுத்த முடிவு சாஸ்திரப்படியும் சரியாக அமைவது எங்கள் தொழிலில் அபூர்வம்.

ரிவிட் அடிப்பதை நேரில் பார்த்தவர்கள் இப்போது குறைவு. ஒருவர் உலையில் பழுக்கக் காய்ச்சி எடுப்பார், ஒருவர் இடுக்கியால் வாங்கித் துளையில் செருகுவார், ஒருவர் தலையை அழுத்திப் பிடிக்க, எதிர்ப்பக்கம் சுத்தி இறங்கும். ஆறும்போது சுருங்கித் தகடுகளைக் கவ்விக்கொள்ளும். சரியாக அடித்ததா என்று தெரிய, சின்னச் சுத்தியால் தட்டிச் சத்தம் கேட்பார்கள். தளர்ந்த ரிவிட் மொத்தையாகச் சத்தம் தரும். எக்ஸ்ரே எடுத்து வெல்டிங்கைச் சோதிக்கும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பழமைவாதி என்று திட்டுவீர்கள், பரவாயில்லை.

அஸ்திவாரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் விடுவதாக இல்லை. கங்கைச் சமவெளியில் பாறை கிடையாது. பெரிய பாலங்களுக்குக் கிணறு இறக்குவதுதான் வழக்கம். கரையில் தோண்டுகிற கிணறு இல்லை. மேலே வளையமாகச் சுவர் கட்டி, உள்ளிருக்கும் மண்ணை வாளியால் அள்ள அள்ள, அந்தச் சுவர் தன் எடையிலேயே கீழே இறங்கும். மேலே மறுபடி கட்டுவார்கள், மறுபடி இறங்கும். நான் வேலை பார்த்ததில் பெரும்பகுதி இதுதான். கிணறு ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது என்றால் சைட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது. ஹௌரா பாலத்துக்கு இறக்கியபோது ஒருமுறை அடிமண் சட்டென்று விட்டுக்கொடுத்து, அந்தப் பூதாகரமான கிணறு இரண்டடி விழுந்தது. கொல்கத்தாவின் கிதிர்ப்பூர் பகுதியில் இருந்த நிலநடுக்கக் கருவி அதைப் பூகம்பமாகப் பதிவு செய்தது. கரையோரக் கோயில் ஒன்று இடிந்து, பிறகு திரும்பக் கட்டிக் கொடுத்தார்கள். உள்ளே அள்ளிய சேற்றில் நங்கூரம், பீரங்கிக் குண்டு, பித்தளைப் பாத்திரம், கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு எல்லாம் வந்தன.

*கேள்வி: எங்கள் ஊரைச் சுற்றி ஐந்து ஆறு. அகலத்தில் கொள்ளிடம் எதற்கும் சளைத்ததல்ல. கொல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் கேபிள் பாலம், எங்களுக்கு மட்டும் ஏன் வரிசையாகத் தூண் நட்ட பாலம்?*
*— வாசகி, திருவையாறு*

கொள்ளிடத்தில் கப்பல் வருமா, அம்மா? அவ்வளவுதான் பதில். வருஷத்தில் பல மாதம் மணல் தெரிகிற ஆறு அது. முப்பது, நாற்பது மீட்டருக்கு ஒரு தூண் நட்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, கட்டுவதும் எளிது, பழுது பார்ப்பதும் எளிது. கேபிள் பாலத்தின் செலவு நியாயமாகத் தோன்ற ஆரம்பிப்பதே கண் இருநூறு மீட்டரை ஒட்டிப் போகும்போதுதான். அதற்குக் கீழே அது அலங்காரம்.

அலங்காரத்துக்கு உதாரணம் வேண்டுமா? நீங்கள் சொன்ன அதே டெல்லி. யமுனை மேல் 2018 நவம்பரில் திறந்த சிக்னேச்சர் பாலம், 154 மீட்டர் உயரக் கோபுரம், 251 மீட்டர் கண், 1,500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. அந்த இடத்தில் யமுனையைத் தாண்ட இவ்வளவு வேண்டியதில்லை. ஊருக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்று கட்டினார்கள். அது அவர்கள் பணம், அவர்கள் விருப்பம். பாலம் என்ற முறையில் எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. கோட்டாவில் சம்பல் ஆற்றின் மேலுள்ளது நியாயமான கேபிள் பாலம். 350 மீட்டர் கண், 2017-இல் திறந்தது. முதலைச் சரணாலயம், ஆற்றுக்குள் தூண் வைக்கக்கூடாது என்பதால் அப்படிக் கட்டினார்கள். ஆனால் அதற்கும் ஒரு கறுப்பு நாள் உண்டு. 2009 டிசம்பரில் கட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து 48 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

உங்கள் ஆறுகளில் கவலைப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. திருச்சியில் கொள்ளிடத்தின் மேல் 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் என்ன ஆனது என்று நினைவிருக்கும். மேலே இரும்பு நன்றாகத்தான் இருந்தது. தூணைச் சுற்றி மணல் அரித்துப் போய், தூண்களே சாய்ந்தன. நல்லவேளை, பக்கத்தில் புதுப் பாலம் வந்து போக்குவரத்து அதற்கு மாறியிருந்தது. ஆற்று மணலைக் காப்பாற்றுங்கள் என்று சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். கேபிள் பாலம் கேட்டு மனுப் போட்டால் கையெழுத்துப் போட மாட்டேன்.

*கேள்வி: என் மகன் ஹௌரா பக்கம் குடியிருக்கிறான், தினமும் வித்யாசாகர் சேது வழியாகத்தான் வேலைக்குப் போகிறான். மோர்பி விபத்துக்குப் பிறகு கேபிள் என்ற வார்த்தையைக் கேட்டாலே பயம். இப்போது கேபிளை மாற்றுகிறோம் என்று அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பாலத்தை மூடுகிறார்களாம். பாலம் பழுதாகிவிட்டதா?*
*— ஒரு தாய், நாகர்கோவில்*

மூடுகிறார்கள் என்பதே நல்ல செய்தி. மூடாமல் இருந்தால்தான் நான் பயப்படுவேன்.

மோர்பி வேறு விஷயம். 2022 அக்டோபர் 30-இல் குஜராத்தில் மச்சு ஆற்றின் மேல் அறுந்தது பழைய நடைப் பாலம், லட்சுமண் ஜூலா வகை. அதில் எல்லா எடையும் இரண்டு பெரிய வடங்களில். ஒன்று போனால் மிச்சம் இல்லை. புதுப்பித்ததாகச் சொல்லித் திறந்த சில நாட்களிலேயே 135 உயிர் போனது. பிறகு விசாரணையில், ஒரு வடத்திலிருந்த 49 கம்பிகளில் 22 முன்பே துருப்பிடித்திருந்தது தெரிந்தது. தரைக்குப் புதுத் தகடு போட்டார்கள், வடத்தை அப்படியே விட்டார்கள்.

வித்யாசாகர் சேதுவில் எடை ஏராளமான கேபிள்களுக்குப் பிரிந்து போகிறது. இந்த வகைப் பாலத்தை வடிவமைக்கும்போதே, ஒரு கேபிளைக் கழற்றினாலும் மற்றவை தாங்கும்படி கணக்குப் போடுவார்கள். கேபிள் என்பது டயர் மாதிரி. தேயும், மாற்ற வேண்டும், அதற்கு வண்டியை ஓரங்கட்ட வேண்டும். அங்கே 2023-லிருந்து கட்டங்கட்டமாக நடப்பது அதுதான். திறந்து முப்பது வருஷம் ஆனபிறகு செய்யவேண்டிய வேலை.

மாற்றுவதில் மேலே தெரிகிற கேபிள்கள் மட்டும் இல்லை. யாருக்கும் தெரியாத இன்னொரு வகை இருக்கிறது. நடுக்கண் 457 மீட்டர், பக்கக் கண்கள் ஒவ்வொன்றும் 183 மீட்டர்தான், நடுக்கண்ணில் பாதிகூட இல்லை. நடுவில் நெரிசலாக வண்டிகள் நின்றால் அந்த எடை கேபிள் வழியே கோபுரத்தைத் தாண்டி, பாலத்தின் கரையோர முனைகளை மேலே தூக்கப் பார்க்கும். பாலத்தைத் தூக்கி நிறுத்துவதற்கு எல்லோரும் கவலைப்படுவார்கள். முனையில் அது எழும்பிவிடாமல் கீழே இழுத்துப் பிடிக்கவும் தனியாகக் கேபிள் வேண்டும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அவற்றையும் பேரிங்குகளையும் சேர்த்தே இப்போது மாற்றுகிறார்கள்.

கேபிளை மாற்ற முடியாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இத்தாலியின் ஜெனோவா சாட்சி. 1967-இல் திறந்த பொல்செவேரா பாலத்தில் இழுகம்பிகளைக் கான்கிரீட்டுக்குள் போட்டு மூடிவிட்டார்கள், துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று. உள்ளே துருப்பிடித்தது, வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. 2018 ஆகஸ்ட் 14-இல் மழையில் பாலம் இடிந்து 43 பேர் இறந்தார்கள். பார்க்க முடிகிற, தொட முடிகிற, கழற்ற முடிகிற பாகம்தான் பாதுகாப்பான பாகம். சின்னக் கருவியைக் கேபிளின் மேல் ஒட்டி, அது அதிரும் வேகத்தை அளந்தே அதிலுள்ள இழுவையைக் கண்டுபிடித்துவிடலாம். இழுவை குறைந்தால் அதிரும் வேகமும் குறையும்.

மகனிடம் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

*கேள்வி: பாலத்தில் ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் 'தடக்' என்று ஒரு சத்தம். சரியாகக் கட்டவில்லையோ?*
*— வாசகர், புதுச்சேரி*

சரியாகக் கட்டியதால்தான் அந்தச் சத்தம். 823 மீட்டர் நீளப் பாலம். மாசிக் குளிருக்கும் சித்திரை வெயிலுக்கும் தளத்தின் சூட்டில் 30 டிகிரி வித்தியாசம் என்றால், நீளத்தில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் கூடிக் குறையும். அது போய் வர இடம் விட்டு, மேலே இரும்புச் சீப்பு மாதிரி ஜாயிண்ட் போடுவார்கள். உங்கள் சக்கரம் அதைத் தாண்டுகிறது. சத்தம் நாளுக்கு நாள் பெரிதானால் மட்டும் புகார் எழுதுங்கள்.

*கேள்வி: ஹௌராவில் இதற்கு வடக்கே இன்னொரு கேபிள் பாலம் இருக்கிறதாமே? கேபிள் குட்டையாக, கோபுரம் குள்ளமாக?*
*— லாரி உரிமையாளர், நாமக்கல்*

நிவேதிதா சேது. 2007-இல் திறந்தது, 1931-இன் பழைய பாலி பாலத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. நகரத்துக்குள் நுழையாமல் சுற்றிப் போகும் உங்கள் வண்டிகள் பெரும்பாலும் அதில்தான் ஏறும். கண் ஒவ்வொன்றும் 110 மீட்டர், வரிசையாகப் பல. தளமே பாதி எடையைத் தாங்கும், கேபிள் துணைக்கு. கோபுரத்தைக் குள்ளமாக வைத்ததற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள். பக்கத்தில் தட்சிணேஸ்வரம் காளி கோயில், பாலம் அதைவிட உயர்ந்து நிற்கக்கூடாது. கணக்கும் அதற்கு ஒத்துழைத்தது.

*கேள்வி: கொல்கத்தா போகிறோம். வித்யாசாகர் சேதுவை எங்கிருந்து பார்த்தால் நன்றாக இருக்கும்? பாலத்தின் மேலே வண்டியை நிறுத்திப் படம் எடுக்கலாமா?*
*— வாசகர், காரைக்குடி*

மேலே நிறுத்தாதீர்கள். அது நெடுஞ்சாலை, போலீஸ்காரர் அபராதம் போட்டால் எனக்கு மகிழ்ச்சிதான்.

கொல்கத்தா கரையில் 'பிரின்செப் காட்' என்ற படித்துறைக்குப் போங்கள். பாலம் தலைக்கு மேல் கரையேறும் இடம் அதன் பக்கத்தில்தான். 1840-களில் கட்டிய வெள்ளைத் தூண் மண்டபம் ஒன்று அங்கே இருக்கிறது, ஜேம்ஸ் பிரின்செப் நினைவாக. கொல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்துக்கொண்டே அசோகரின் பிராமி எழுத்தை 1837-இல் முழுதாகப் படித்துக் காட்டியவர். நம் ஊர்க் குகைகளின் தமிழி, அதாவது தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளைப் படிக்கப் பிற்காலத்தவர்களுக்கு வழி திறந்ததும் அந்தச் சாவிதான். காரைக்குடியிலிருந்து போகிறவர்கள் ஒரு கும்பிடு போடலாம்.

அப்புறம் படகுத்துறையில் ஒரு படகு பிடித்துத் தளத்துக்கு அடியில் போகச் சொல்லுங்கள். நீருக்கும் தளத்துக்கும் சுமார் 26 மீட்டர் இருக்கும். மேலே பார்த்தால் குறுக்குச் சட்டங்களில் வரிசை வரிசையாக ரிவிட் தலைகள் தெரியும். எல்லோரும் கேபிளைத்தான் படம் எடுப்பார்கள், நீங்கள் அதை எடுங்கள். படகுக்காரரிடம் கூலியை ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.